கண் சீரான பின்னும் எழுத்து பிடிபடாத சிறுவன்: பார்வைச் செயல்பாடும் கற்றல் குறைபாடும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வாசிக்கும்போது எழுத்துகள் அசைகின்றன, வரி தவறிப்போகிறது, தலை வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டே முடிவு கட்டுகிறார்கள். கண்ணில்தான் கோளாறு, அதைச் சரிசெய்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்பார் ஒருவர். இது டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு, கண்ணைச் சோதித்து என்ன பயன் என்பார் இன்னொருவர். இருவரும் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கக்கூடிய நிலை ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான பார்வைப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு அது அரிதான காட்சி அன்று. கீழே விவரிக்கப்படும் சிறுவனும் பின்னர்ச் சுருக்கமாகக் குறிப்பிடப்படும் சிறுமியும் தனி நபர்கள் அல்லர். ஒரே விதமான சிக்கலோடு வரும் குழந்தைகளின் கூறுகளைச் சேர்த்து, அடையாளம் எதுவும் தெரியாதபடி உருவாக்கப்பட்ட மாதிரி நிகழ்வுகள் அவை. அளவீடுகளும் அத்தகைய குழந்தைகளிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவுகளாகவே தரப்பட்டுள்ளன.

வந்த புகார்

சிறுவனுக்கு வயது 9, நான்காம் வகுப்பு. நிறைமாதத்தில் சிக்கலின்றிப் பிறந்தவன்; நடையும் ஓட்டமும் உரிய காலத்தில் வந்தன. பேச்சு சற்றுத் தாமதம் என்பதையும், நீண்ட சொற்களில் அசைகளை இடம் மாற்றிச் சொல்லும் வழக்கம் பள்ளியில் சேரும்வரை இருந்தது என்பதையும் தாய் கேட்ட பிறகே நினைவுகூர்ந்தார். தந்தை தமக்கும் சிறு வயதில் வாசிப்பு வராமல் இருந்ததை, அது இந்த விஷயத்தோடு தொடர்பற்றது என்ற எண்ணத்தோடு, எழுந்து போகும் நேரத்தில் சொன்னார். கண் பரிசோதனைக்கு வரும் குடும்பங்கள் இத்தகைய தகவலைத் தாமாக முன்வந்து சொல்வதில்லை. கண் மருத்துவர் கேட்பதும் குறைவு. வாசிப்புக் குறைபாடு குடும்ப வழியில் தொடரும் தன்மை கொண்டது என்பதால், இந்த ஒரு வரித் தகவலின் எடை பல கருவி அளவீடுகளுக்கு ஈடானது.

புகார்கள் இவை. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் கண்ணைத் தேய்க்கத் தொடங்குவான். நெற்றியில் வலி என்பான். ஒரே வரியை இருமுறை வாசிப்பான் அல்லது அடுத்த வரியைத் தாண்டிவிடுவான். விரல் வைக்காமல் வாசிக்க மாட்டான். சில நேரங்களில் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொள்வான். மறுபுறம், மனக்கணக்கில் வகுப்பிலேயே வேகமானவன். பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால், கேட்கும் கேள்விகளுக்கு வயதுக்கு மீறிய நுட்பத்தோடு பதில் சொல்வான். பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாம்களில் 'பார்வை சரி' என்றே வந்திருந்தது. ஓரிடத்தில் +0.50 டையாப்டர் (வில்லையின் திறனை அளக்கும் அலகு) அளவில் வாசிப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். வேறோரிடத்தில் பக்கத்தின் மேல் வைத்துப் படிக்க வண்ணத் தாள்கள் கொடுத்திருந்தார்கள். இரண்டும் புதிதாக வந்த சில நாள்கள் உற்சாகம் தந்தன, பிறகு அலமாரிக்குப் போய்விட்டன.

"கண்ணைச் சரி பண்ணிட்டா படிப்பு வந்துடுங்களா, டாக்டர்?" என்று தாய் கேட்டார். "கண்ணையும் பாக்கறோம்மா, வாசிப்பையும் தனியாப் பாக்கறோம். ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றோம்" என்பதே அந்த நேரத்தில் தரக்கூடிய நேர்மையான பதிலாக இருந்தது.

கண் பரிசோதனை

முகாம்களில் 'சரி' என்று வந்ததில் வியப்பில்லை. 6 மீட்டர் தொலைவிலுள்ள பலகையை ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்வது பார்வைக் கூர்மையை மட்டுமே அளக்கிறது. புத்தகத்தை 25 செண்டிமீட்டரில் வைத்து வாசிப்பது முற்றிலும் வேறு வேலை. அந்தத் தொலைவில் விழிவில்லை ஏறத்தாழ 4 டையாப்டர் அளவுக்குத் தன் வளைவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தகவமைவு என்கிறோம். அதே நேரத்தில் இரண்டு விழிகளும் மூக்குப் பக்கமாக, இந்த வயதுக் குழந்தையின் கண்களுக்கு ஏறத்தாழ 20 பிரிசம் டையாப்டர் (விழிகள் திரும்பும் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கு, ஒருசேரத் திரும்ப வேண்டும், இது குவிதிறன். பாட வேளை முழுவதும் இந்த இரண்டும் தளராமல் நிற்க வேண்டும். தூரப் பலகை இவற்றில் எதையும் கேட்பதில்லை. மிதமான தூரப்பார்வை உள்ள குழந்தைகூடத் தகவமைவின் வலுவால் 6/6 வரியைப் படித்துவிட்டுப் போய்விடும்.

எங்கள் பரிசோதனையிலும் தூரத்தில் இரு கண்களும் 6/6. தகவமைவைத் தற்காலிகமாகத் தளர்த்தும் 1 சதவீத சைக்ளோபென்டோலேட் சொட்டு மருந்து இட்டுப் பார்த்தபோது இரு கண்களிலும் +0.75 டையாப்டர் மட்டுமே இருந்தது. இது அந்த வயதுக்கு இயல்பு, கண்ணாடி தேவையில்லை. விழித்திரையும் நரம்பும் இயல்பாக இருந்தன. முப்பரிமாண உணர்வு 40 விகலை (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) அளவில் நன்றாகவே இருந்தது. ஆக, வழக்கமான கண் பரிசோதனை இத்துடன் முடிந்திருந்தால் மறுபடியும் 'பார்வை சரி' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

சிக்கல் இரு கண்களும் சேர்ந்து கிட்டத்தில் வேலை செய்யும் இடத்தில் இருந்தது. சிறு படம் ஒன்றை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தபோது, 14 செண்டிமீட்டரிலேயே படம் இரண்டாகப் பிரிந்தது. வலது விழி நழுவி வெளிப்பக்கம் போயிற்று. 6 செண்டிமீட்டர் அளவுக்கு அருகில் வரும்வரை ஒன்றாகவே தெரிவதுதான் இந்த வயதில் எதிர்பார்க்கப்படுவது. திரும்பத் திரும்பச் செய்தபோது அது 18 செண்டிமீட்டருக்குத் தள்ளிப்போயிற்று. இந்தச் சோர்வு முக்கியமானது. ஒரே ஒரு முறை அளந்துவிட்டு விடுவோர் இதைப் பார்ப்பதில்லை. தூரத்தில் விழிகள் ஏறத்தாழ நேராக நின்றன. கிட்டத்தில் 8 பிரிசம் டையாப்டர் மறைவான வெளிவிலகல், அதாவது ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் வெளிப்படும் வெளிப்பக்க விலகல், இருந்தது. அதை ஈடுகட்ட உதவும் குவிப்பு இருப்பை, அதாவது கூடுதலாகக் குவிக்கும் கையிருப்பை, அளந்தபோது 8 பிரிசத்தில் படம் மங்கி 10 பிரிசத்தில் இரண்டாக முறிந்தது. விலகலைப் போல இரு மடங்கு இருப்பு வேண்டும் என்ற ஷீர்ட் அளவுகோலின்படி இந்தச் சிறுவனுக்கு 16 தேவை. இருந்தது அதில் பாதி.

தகவமைவு பலவீனமா, குவிதிறன் பலவீனமா என்ற ஐயத்தை +2.00, −2.00 வில்லைகளை மாற்றி மாற்றி வைக்கும் சோதனை தீர்த்தது. ஒரு கண்ணை மூடிச் செய்தபோது நிமிடத்துக்கு 8 சுற்றுகள் எளிதாகச் செய்தான். இரு கண்களும் திறந்திருந்தபோது 3 சுற்றுகளோடு நின்றான். தடுமாற்றம் முழுவதும் +2.00 வில்லையில்தான். பிளஸ் வில்லை தகவமைவைத் தளர்த்துகிறது. தகவமைவு தளரும்போது அதனோடு பிணைந்து வரும் குவிப்பும் குறைகிறது. அந்தக் குறையை விழிகள் தம் சொந்தக் குவிப்பு இருப்பிலிருந்து நிரப்ப வேண்டும். இந்தச் சிறுவனிடம் அந்த இருப்புதான் இல்லை. அவனுக்குக் கொடுத்திருந்த +0.50 வாசிப்புக் கண்ணாடி ஏன் பயனளிக்கவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது: அவனுடைய பலவீனத்தின் திசையிலேயே அது, சிறிதளவேனும், சுமையைக் கூட்டியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததும் இதனால்தான். ஒரு கண் போதும் என்றால் குவிக்கும் உழைப்பே தேவையில்லை. யாரும் சொல்லித்தராமல் அவனே கண்டுபிடித்த தீர்வு அது.

அறிகுறிகளை அளக்கும் 15 கேள்விகள் கொண்ட குவிதிறன் வினாப்பட்டியலில் 60க்கு 31 மதிப்பெண் வந்தது. 16 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வயதில் அறிகுறி உள்ளதாகக் கொள்வர். இந்த எண்ணை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. 'வாசிக்கும்போது கவனம் சிதறுகிறதா', 'மெதுவாக வாசிக்கிறாயா', 'வாசித்தது நினைவில் நிற்பதில்லையா' என்ற கேள்விகளுக்குக் கவனக் குறைபாடு உள்ள குழந்தையும் டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தையும்கூட 'ஆம்' என்றே சொல்லும். இங்கே அளவீடுகள் வினாப்பட்டியலோடு ஒத்துப்போனதால் குவிதிறன் குறைபாடு என்று உறுதி செய்தோம்.

கண் அசைவுக்கென்று பரவலாகச் செய்யப்படும் எண் வாசிப்புச் சோதனையையும் செய்தோம். இதில் 80 எண்களைச் செங்குத்து வரிசையில் ஒருமுறையும், இடைவெளி மாறி மாறி வரும் கிடை வரிசைகளில் ஒருமுறையும் உரக்கப் படிக்க வேண்டும். செங்குத்தில் கண் அசைவின் பங்கு குறைவு, கிடையில் அதிகம். கிடை வரிசை மட்டும் மெதுவாக இருந்தால் கண் அசைவில் குறை என்று பொருள் கொள்ளலாம். சிறுவன் இரண்டிலும் ஒரே விகிதத்தில் மெதுவாக இருந்தான். கண் தாவுவதில் தாமதமில்லை. எண்ணைப் பார்த்து அதன் பெயரை எடுப்பதில்தான் தாமதம். மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, விகிதத்தைப் பார்க்காமல், 'கண் அசைவுப் பயிற்சி தேவை' என்று எழுதித் தரும் அறிக்கைகள் எங்களிடம் நிறைய வருகின்றன. இது கண்ணைத் தாண்டி வேறெங்கோ தேட வேண்டும் என்பதற்கான முதல் சான்றாக அமைந்தது.

வாசிப்புப் பரிசோதனை

வாசிப்பைச் சோதிக்கச் சிறப்புக் கல்வியாளர் ஒருவர் உடன் இருந்தார். கண்ணின் பங்கைக் கழித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். அதற்கு மிக எளிய வழி, சிறுவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது. கண்ணை மூடியபடி, 'பல்' என்ற சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'க்' ஒலியை வைத்தால் என்ன சொல் வரும் என்று கேட்டபோது, நெடுநேரம் யோசித்து 'பக்' என்றான். 'கல், பல், மண்' மூன்றில் ஒலியில் சேராதது எது என்றதற்குப் 'பல்' என்றான்; காரணம் கேட்டால், கல்லும் மண்ணும் தரையில் இருக்கும், பல் வாயில் இருக்கும் என்றான். பொருளை வைத்து அது அறிவான விடை. ஆனால் கேட்கப்பட்டது ஒலி. எழுத்தே கண்ணில் படாத இந்தப் பணியில் ஒரு குழந்தை தவறினால், அதற்குக் குவிதிறனைக் காரணமாகச் சொல்ல வழியே இல்லை.

அடுத்துப் பொருளற்ற சொற்கள். 'தொணலி', 'மெசாறு' போன்று, எந்த அகராதியிலும் இல்லாத, ஆனால் தமிழ் எழுத்து முறைக்குள் அடங்கும் 20 சொற்களைப் பெரிய எழுத்தில், ஓர் அட்டைக்கு ஒரு சொல்லாகக் காட்டினோம். வரி தவற வரியே இல்லை. களைப்படைய நேரமும் இல்லை. 6 சொற்களையே சரியாக வாசித்தான். தெரிந்த சொற்களில் தடுமாற்றம் குறைவு, ஏனென்றால் முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் வைத்து ஊகித்துவிடுவான். 'தோட்டம்' என்பதைத் 'தேட்டம்' என்றும் 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்றும் வாசித்தான். 'பட்டம்' 'படம்' ஆயிற்று.

'கெக்கு' என்ற பிழையில் சற்று நிற்க வேண்டும். தமிழில் ஒகரக் குறி மெய்க்கு இரு புறமும் எழுதப்படுகிறது. இடப்பக்கக் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, வலப்பக்கக் கால் கடைசியில். ஒலியோ மெய்க்குப் பின்னால் ஒன்றாக வருகிறது. எனவே, சிறுவன் வலப்பக்கக் காலைப் பார்க்கவே இல்லை, பார்வைப் பரப்பு குறுகியிருக்கிறது என்று வாதிடலாம். அப்படி வாதிட்ட அறிக்கை ஒன்று அவனுடைய கோப்பிலேயே இருந்தது. அதைச் சோதிப்பது எளிது. 'கெ', 'கே', 'கொ', 'கோ' நான்கையும் கலந்து அச்சிட்டு, மேலே உள்ள 'கொ' போலவே இருப்பவற்றை வட்டமிடச் சொன்னோம். ஒன்றுகூடத் தவறவில்லை, வேகமும் வயதுக்கு ஏற்றதாக இருந்தது. அதே தாளில் அவற்றைப் பெயர் சொல்லி வாசிக்கச் சொன்னபோது தவறுகள் திரும்பின. வடிவம் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. வடிவத்தோடு ஒலி ஒட்டவில்லை.

இந்த வேறுபாடு புதிதன்று. 1970களில் ஃபிராங்க் வெல்லுட்டினோவும் சக ஆய்வாளர்களும், ஹீப்ரு எழுத்து அறியாத குழந்தைகளிடம் ஹீப்ரு சொற்களைக் காட்டி நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகள் நன்றாக வாசிக்கும் குழந்தைகளுக்குச் சமமாகவே வரைந்தார்கள். வடிவத்தைக் காண்பதிலும் நினைவில் வைப்பதிலும் பொதுவான குறை இருந்திருந்தால் அவர்கள் அங்கேயும் தவறியிருக்க வேண்டும்.

சிறுவனின் நிலையை இரு தனி முடிவுகளாகப் பதிவு செய்தோம்: அறிகுறிகளுடன் கூடிய குவிதிறன் குறைபாடு, வாசிப்பில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்ஸியா. ஒன்று மற்றொன்றின் காரணம் என்று எழுதவில்லை. பள்ளியில் ஓராண்டுக்கு மேல் கூடுதல் வகுப்புகள் நடந்தும் முன்னேற்றம் இல்லாததாலும், பார்வைக் கூர்மை, செவித்திறன், பொது அறிவுத்திறன் ஆகியவை இயல்பாக இருந்ததாலும் இரண்டாவது முடிவுக்கு உரிய நிபந்தனைகள் நிறைவேறியிருந்தன.

கண்ணையும் வாசிப்பையும் இணைத்த வரலாறு

வாசிப்புக் குறைபாட்டை முதலில் கவனித்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள். 'டிஸ்லெக்ஸியா' என்ற சொல்லை 1887இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ருடால்ஃப் பெர்லின் ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கணக்கில் திறமையும் நல்ல புத்தியும் இருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். 1917இல் இதை 'பிறவிச் சொற்குருடு' என்ற பெயரில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட், கிளாஸ்கோவில் பணியாற்றிய கண் மருத்துவர். பெயரில் 'குருடு' என்று இருந்தாலும், ஹின்ஷெல்வுட் கண்ணைக் குற்றம் சொல்லவில்லை. மூளையில் சொற்களின் காட்சி நினைவு தங்கும் இடத்தைச் சொன்னார். 1925இல் சாமுவேல் ஆர்ட்டன் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலமாகவும் புரள்வதை மையமாக்கினார். டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்தைத் திருப்பிப் பார்ப்பது என்ற பொது நம்பிக்கைக்கு வித்து அதுதான். இடவலம் மாற்றி எழுதுவது ஏறத்தாழ ஏழு வயது வரை எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படுவதே. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒரே பொருள் என்று அடையாளம் காணப் பழகிய மூளை, எழுத்துக்காக மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது.

1970களிலிருந்து இசபெல் லீபர்மனும் பிறரும் ஒலியன் உணர்வை, அதாவது சொல்லிலுள்ள தனித்தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறனை, மையத்துக்குக் கொண்டுவந்த பின்னும், கண் அசைவுக் கோட்பாடு ஓயவில்லை. வாசிக்கத் தடுமாறும் குழந்தையின் கண் அசைவைப் பதிவு செய்தால் அது உண்மையிலேயே ஒழுங்கற்றுத்தான் இருக்கும். தேர்ந்த வாசகரின் கண் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிவினாடி நின்று தாவும். அத்தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கியவை. தடுமாறும் குழந்தையின் கண் கூடுதல் நேரம் நிற்கும், அடிக்கடி பின்னால் போகும். ஆனால் அதே வாசிப்பு நிலையில் உள்ள, வயதில் இளைய, எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தையின் அசைவும் பெருமளவு அப்படியே இருக்கிறது. தேர்ந்த வாசகருக்கும் தமக்குத் தெரியாத மொழியின் எழுத்தைக் கொடுத்தால் கண் அதே போலத் தயங்கும். சொல் பிடிபடாததால் கண் திரும்பிப் பார்க்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

மூளை ஆய்வும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. அசைவை உணரும் பார்வைப் பகுதி டிஸ்லெக்ஸியாவில் மந்தமாக இயங்குகிறது என்பது நெடுநாளைய கருத்து. 2013இல் ஒலுலாடே, நேப்போலியெல்லோ, ஈடன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாசிப்பு நிலையில் உள்ள இளைய குழந்தைகளோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஒலியன் பயிற்சி தந்த பின் அந்தப் பகுதியின் இயக்கமும் கூடியது. வாசிக்கப் பழகுவதே பார்வைப் பகுதியை மாற்றுகிறது என்று இதைக் கொள்ளலாம். இதனால் எல்லாக் காட்சி விளக்கங்களும் பொய் என்று ஆகிவிடாது. 2012இல் மார்க்கோ ஸோர்ஸியின் குழு, எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் டிஸ்லெக்ஸியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளின் வாசிப்பு மேம்படுகிறது என்று காட்டியது. நெருக்கமான எழுத்துகள் ஒன்றையொன்று மறைப்பது சில குழந்தைகளுக்குக் கூடுதல் சுமைதான். இந்தச் சிறுவனுக்கும் அகன்ற இடைவெளியில் அச்சிட்ட பாடத்தையே கொடுத்தோம். செலவில்லாத வசதி அது.

சிகிச்சையும் அதன் எல்லையும்

குவிதிறன் குறைபாட்டுக்கு எது பயனளிக்கும் என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுள்ள 221 குழந்தைகளிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், மையத்தில் நேரடியாகத் தரப்பட்ட பயிற்சி 73 சதவீதக் குழந்தைகளுக்குப் பயனளித்தது. வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி 43 சதவீதத்தோடு நின்றது. ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட போலிப் பயிற்சிக்கு 35 சதவீதம். நாங்களும் அதே முறையில், வாரம் ஒரு மணி நேரம் மையத்தில், வாரத்தில் ஐந்து நாள் 15 நிமிடம் வீட்டில் என 12 வாரம் பயிற்சி கொடுத்தோம். கயிற்றில் கோத்த மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் பயிற்சியில், பார்க்கும் மணியில் இரண்டு கயிறுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்வதாகத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் சிறுவனுக்கு அருகிலிருந்த மணியில் ஒரே கயிறுதான் தெரிந்தது. ஒரு கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கியிருந்தது. சில வாரங்களில் இரண்டாவது கயிறு தோன்றியபோது, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிப் பயந்தான்.

12 வாரத்தின் முடிவில் குவிப்பு முறியும் புள்ளி 5 செண்டிமீட்டருக்கு வந்தது. குவிப்பு இருப்பு 28 பிரிசம் ஆயிற்று. வினாப்பட்டியல் மதிப்பெண் 31இலிருந்து 12. தலைவலி நின்றது, கண்ணை மூடும் பழக்கம் போயிற்று. எட்டு நிமிடத்தில் எழுந்தவன் 25 நிமிடம் உட்கார்ந்தான். வாசிப்பு எண்கள்தாம் இந்த நிகழ்வின் சாரம். பொருளற்ற சொற்கள் 20க்கு 6 என்பது 7 ஆயிற்று. இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியில் நிமிடத்துக்கு 31 சரியான சொற்கள் என்பது 36 ஆயிற்று. மூன்று மாதம் பள்ளிக்குப் போனாலே அவ்வளவு கூடும்.

சிறப்புக் கல்வியாளரின் நேரம் கிடைக்கத் தாமதமானதால் கண் பயிற்சி முதலிலும் வாசிப்புப் பயிற்சி பின்னரும் நடந்தது. அதனால்தான் இரண்டின் விளைவையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. வேண்டுமென்றே இப்படி வரிசைப்படுத்தக் கூடாது. கண்ணைச் சரிசெய்து முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று வாசிப்பு உதவியைத் தள்ளிப்போடுவதால் போகும் மாதங்கள் விலை மிக்கவை. நாங்கள் வாசிப்பு அளவீடுகளை இருமுறையும் எடுத்திருக்காவிட்டால், தலைவலி போன மகிழ்ச்சியில் 'படிப்பும் தேறிவிட்டது' என்றே குடும்பம் நம்பியிருக்கும், ஏனெனில் அதிக நேரம் உட்காரும் பிள்ளை படிப்பதாகவே தோன்றும்.

தனி நிகழ்வை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதால் பெரிய ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். குவிதிறன் பயிற்சி வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் கூட்டுமா என்று அறிய 9 முதல் 14 வயதுள்ள 310 குழந்தைகளிடம் 16 வாரம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், உண்மையான பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே முன்னேறினார்கள். பிரிட்டனில் 7 முதல் 9 வயதுள்ள 5822 குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கடுமையான வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களில் 80 சதவீதத்தினர் ஒவ்வொரு கண் சோதனையிலும் இயல்பாகவே இருந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, பார்வைக் கோளாறு டிஸ்லெக்ஸியாவுக்குக் காரணமன்று என்றும், வண்ணத் தாள்களுக்கும் வண்ண வில்லைகளுக்கும் போதிய சான்று இல்லை என்றும் சொல்கிறது. இந்த அறிக்கையைக் காட்டிக் கண் பரிசோதனையே வேண்டாம் என்போரும் உள்ளனர். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. கற்றலில் தடுமாறும் குழந்தைக்குப் பார்வைச் சிக்கல் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் கண் மருத்துவரின் பரிசோதனை வேண்டும் என்றுதான் அதுவும் சொல்கிறது.

அதன் தேவையை எதிர்த்திசை நிகழ்வு ஒன்று காட்டும். 7 வயதுச் சிறுமி. வாசிப்பில் ஆர்வமில்லை, சோம்பல் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ஒலிப் பணிகள் அனைத்தையும் சிரித்துக்கொண்டே முடித்தாள். பெரிய எழுத்தில் பொருளற்ற சொற்களையும் வாசித்தாள். சிறிய எழுத்தில், அதுவும் சில நிமிடம் கழித்தே, பிழைகள் தொடங்கின. சொட்டு மருந்து இட்டுப் பார்த்தால் இரு கண்களிலும் +4.50 டையாப்டர் தூரப்பார்வை. இவளுக்குக் கண்ணாடிதான் சிகிச்சை. 4, 5 வயதுக் குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வும், 3 முதல் 6 டையாப்டர் வரையிலான திருத்தப்படாத தூரப்பார்வை, முக்கியமாகக் கிட்டத்தில் பார்க்கும் கூர்மையும் முப்பரிமாண உணர்வும் குறைந்த நிலையில், எழுத்தறிவுத் தொடக்கத்தைப் பின்னடையச் செய்கிறது என்று காட்டியது. பிழை முதல் சொல்லிலிருந்தே வருகிறதா, நேரம் போகப்போகக் கூடுகிறதா; எழுத்தைப் பெரிதாக்கினால் குறைகிறதா, இல்லையா; கண்ணை மூடினாலும் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளே இந்த இரு குழந்தைகளையும் பிரித்துக் காட்டப் போதுமானவை. ஆசிரியரே வகுப்பறையில் இவற்றைப் பார்க்கலாம்.

மூன்றாவது வகையும் உண்டு. இங்கே பெயரளவில் குறிப்பிடுகிறோம். குறைமாதப் பிறப்பு, பிறப்பின்போது மூளைப் பாதிப்பு போன்ற வரலாறு உள்ள குழந்தைகளுக்குக் கண் நன்றாக இருந்தும், மூளையின் பார்வைப் பாதையில் குறை இருக்கலாம். பொருள்கள் நிறைந்த படத்தில் ஒன்றைத் தேட முடியாமை, படியிறங்கும்போது தடுமாற்றம், ஒரு சொல்லை மட்டும் தனியே காட்டினால் வாசித்துவிட்டு முழுப் பக்கத்தில் திணறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அவர்களுக்கான வழி வேறு.

தொடர் நிலை

சிறுவனுக்கு வாசிப்புப் பயிற்சி வாரம் நான்கு நாள், 40 நிமிடமாக ஒன்பது மாதம் நடந்தது. ஒலியைப் பிரிப்பது, சேர்ப்பது, மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனி அட்டைகளாகக் கையில் எடுத்து ஒட்டிச் சொல்லாக்குவது, பிறகு அதே சொற்களைப் பத்தியில் சந்திப்பது என்று படிப்படியாகச் சென்றது. ஒகரக் குறியின் இரு பகுதிகளையும் ஒரே நிறத்தில் அச்சிட்டு, இரண்டும் சேர்ந்து ஓர் ஒலி என்று பழக்கியது 'கெக்கு' வகைப் பிழையை விரைவாகக் குறைத்தது. முடிவில் பொருளற்ற சொற்கள் 20க்கு 15. நிமிடத்துக்கு 62 சரியான சொற்கள். இதில் வயது வளர்ச்சியின் பங்கும் உண்டு என்றாலும், முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் ஏற்றத்தின் சாய்வு தெளிவாகவே மாறியிருக்கிறது. வகுப்பு நிலையை அவன் இன்னும் எட்டவில்லை. எழுத்துப்பிழை அதிகம், ணகர னகரமும் ரகர றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் ஒலியை வைத்துப் பிரிக்க வழியின்றிச் சொல்லின் எழுத்துருவையே நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது, அது அவனுக்கு மெதுவாகத்தான் வருகிறது.

தேர்வில் கூடுதல் நேரமும், கேள்விகளை வாசித்துக் காட்டும் உதவியும் பள்ளிக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. குவிதிறனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம்; கடைசி அளவிலும் 6 செண்டிமீட்டருக்குள் நிற்கிறது. தலைவலி திரும்பினால் கண்ணையும், தலைவலியின்றி வாசிப்பு மட்டும் தேங்கினால் பாட முறையையும் முதலில் பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஐந்து வயதுத் தங்கையின் கண்கள் இயல்பாக உள்ளன. ஒத்த ஒலியில் முடியும் சொற்களைச் சொல்லும் விளையாட்டில் அவளும் தயங்குவதால், முதல் வகுப்புக்குக் காத்திராமல் இப்போதே ஒலிப் பயிற்சி தொடங்கப்பட்டுள்ளது.